பின்தங்கும் பிரதி

குன்னூரில் வியாழனும் வெள்ளியும் தேயிலை ஏல நாட்கள். 1963இல் இந்த ஏல மையம் தொடங்கிய காலத்தில் தரகர் லாட் எண்ணைச் சொல்வார், வாங்க வந்தவர்கள் எதிரே உட்கார்ந்து விலை கேட்பார்கள், சுத்தியல் விழுந்தால் சரக்கு விற்றது. 2003இல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இண்ட்கோசர்வ், ‘டீசர்வ்’ என்ற பெயரில் இதே ஊரில் மின்னேலத்தைத் தொடங்கியது. பிறகு தேயிலை வாரியம் ஏல மையங்களைக் கணினிக்கு மாற்றியது. இன்று கொல்கத்தாவில் இருப்பவரும் குன்னூர் டஸ்ட் தேயிலைக்கு விலை கேட்கலாம். சுத்தியல் செய்த வேலையைத் தரவுத்தளம் செய்கிறது.

அந்தத் தரவுத்தளத்தில் விழும் எண் ஏலக்கூடத்தோடு நின்றுவிடுவதில்லை. நீலகிரியின் சிறு விவசாயி பறித்துக் கொடுக்கும் பசுந்தேயிலைக்கு மாதாமாதம் தேயிலை வாரியம் ஒரு குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. ஏலத்தில் தூள் விற்ற சராசரி விலையிலிருந்துதான் அதைக் கணக்கிடுகிறார்கள். கட்டபெட்டில் கால் ஏக்கர் தோட்டம் வைத்திருப்பவருக்கு சர்வரைப் பற்றி எதுவும் தெரியவேண்டியதில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு வரும் பணம் ஒரு சர்வரில் உள்ள வரிசைகளின் கூட்டுத்தொகையைப் பொறுத்தது.

இவ்வளவு கனமான எண்களை ஒரே ஒரு கணினியை நம்பி வைக்க முடியாது. வட்டு கெடும், மின்சாரம் போகும், அறைக்குள் தண்ணீர் புகும். அதனால் பிரதி எடுக்கிறோம். பிரதி இருக்கிறது என்று தெரிந்ததும் நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். அந்தப் பிரதி உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

லாட் 214 ஏலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கிலோ 118 ரூபாய்க்குக் கேட்கிறார், அடுத்தவர் 119 என்கிறார். தரவுத்தளம் எந்த மாற்றத்தையும் முதலில் ‘லாக்’ எனப்படும் ஒரு நீளமான பதிவேட்டில் எழுதும். நடந்தவை நடந்த வரிசையில், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு எண்ணோடு அதில் பதிவாகும். உண்மையான அட்டவணைகள் அதன்பிறகு நிதானமாகத் திருத்தப்படும். நடுவில் மின்சாரம் போனாலும் லாக்கைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இப்படிப் பார்த்தால் பிரதியெடுத்தல், அதாவது ரெப்ளிகேஷன், மிக எளிய யோசனைதான். முதன்மைத் தளத்தின் லாக்கை அப்படியே இன்னொரு கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தக் கணினி அதே வரிசையில் அதே மாற்றங்களைச் செய்துகொண்டே வர வேண்டும்.

சிக்கல் ஒரு கேள்வியில் தொடங்குகிறது. 119 ரூபாய் கேட்டவருக்கு ‘உங்கள் விலை பதிவாகிவிட்டது’ என்று எப்போது சொல்வது? முதன்மைத் தளத்தில் எழுதியதுமா, பிரதியும் எழுதிவிட்டதாகப் பதில் வந்த பிறகா? முதலாவது வழியில் வேகம் உண்டு, ஆனால் சொன்ன மறுநொடியே முதன்மை செத்தால் அந்த விலை யார் கணக்கிலும் இருக்காது. இரண்டாவது வழியில் எதுவும் தொலையாது, ஆனால் ஒவ்வொரு விலைக்கும் பிரதியின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பை எந்தப் பொறியாளராலும் இல்லாமல் செய்ய முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். மும்பைக்கும் சென்னைக்கும் நேர்கோட்டுத் தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். போய் வர குறைந்தது 10 மில்லிநொடி ஆகும். கேபிள் வளைந்து நெளிந்து போவதால் நடைமுறையில் இன்னும் கூடும்.

மும்பை, சென்னை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தையின் முதன்மை மையம் மும்பையிலும் பேரிடர் கால மாற்று மையம் சென்னையிலும் இருக்கின்றன. தேயிலை வாரியத்தின் மின்னேல மென்பொருளைப் பல ஆண்டுகள் நடத்திக்கொடுத்தது அந்தச் சந்தையின் துணை நிறுவனமான என்எஸ்இ.ஐடி என்பதால், குன்னூருக்கும் அதற்கும் ஒரு தூரத்து உறவும் உண்டு. ஒரு பதிவுகூடத் தொலையக்கூடாது என்பதற்காக முதன்மை மையத்துக்கு அருகிலேயே மூன்றாவதாக ஒரு மையத்தை வைத்து, அங்கே உடனுக்குடன் பிரதி எடுத்துவந்தது சந்தை. 2021 பிப்ரவரி 24 அன்று முதன்மை மையத்துக்கும் இந்த மூன்றாவது மையத்துக்கும் இடையே இருந்த தொலைத்தொடர்பு இணைப்புகள் தள்ளாடின. இணைப்பு போனால் பிரதியை விட்டுவிட்டு முதன்மை தானே தொடர்ந்து இயங்க வேண்டும் என்பது திட்டம். அது நடக்கவில்லை. முதன்மை மையத்தின் சேமிப்பு அமைப்பையே சர்வர்களால் எட்ட முடியாமல் போனது. இடர் மேலாண்மை அமைப்பு நின்றது. காலை 11.40க்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டு மாலை 3.45க்குத்தான் மீண்டும் தொடங்கியது. அன்று 5 மணி வரை சந்தை நடந்தது.

பாதுகாப்புக்காக வைத்த பிரதிக்குப் போகும் வழி பழுதானதால், பழுதே இல்லாத முதன்மை முடங்கியது. ரெப்ளிகேஷன் பற்றி எனக்குத் தெரிந்த இந்திய நிகழ்வுகளில் இதைத்தான் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டும் என்பேன். கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு பாகமும் பழுதாவதற்குக் கூடுதலாக ஒரு இடம். இணைப்பை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்து, முதன்மை தொடர்கிறதா என்று சோதித்த பிறகே அந்தப் பாகத்தைப் பாதுகாப்பு என்று அழைக்கலாம்.

பெரும்பாலான இடங்களில் பிரதி கொஞ்சம் பின்தங்கித்தான் வரும், அது தவறில்லை. எவ்வளவு பின்தங்கலாம், ஏன் பின்தங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் இதற்குச் சில எண்களைக் காட்டும்: முதன்மை எழுதி முடித்த லாக் எண், அதில் பிரதிக்கு அனுப்பியது எதுவரை, பிரதி வாங்கித் தன் வட்டில் எழுதியது எதுவரை, வாங்கியதில் அட்டவணையில் சேர்த்தது எதுவரை. எழுதியதற்கும் அனுப்பியதற்கும் இடைவெளி பெருகினால் வழியையோ முதன்மையையோ பாருங்கள். எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, சேர்ப்பதில்தான் தாமதம் என்றால் கோளாறு பிரதியிலேயே இருக்கிறது. வட்டு மெதுவாக இருக்கலாம். அல்லது யாரோ அந்தப் பிரதியில் மாத அறிக்கை ஒன்றை ஓடவிட்டிருக்கலாம். அறிக்கை படித்துக்கொண்டிருக்கும் வரிசைகளை மாற்றக்கூடாது என்று பிரதி அடுத்த மாற்றங்களை நிறுத்தி வைத்திருக்கும். இணைப்புக்காரரை அழைத்துச் சண்டை போடும் முன் இந்த எண்களைப் பார்த்தால் பாதி நாள் மிச்சம்.

இங்கே ஒரு பொறி உண்டு. பலர் பின்தங்கலை நொடிக்கணக்கில் அளப்பார்கள்: ‘பிரதி கடைசியாகச் செய்த மாற்றம் எப்போது நடந்தது?’ வெள்ளி மாலை ஏலம் முடிகிறது. அதற்குப் பிறகு எந்த மாற்றமும் இல்லை. ஞாயிறு காலை பார்த்தால் பிரதி ஒன்றரை நாள் பின்தங்கியிருப்பதாகத் திரை காட்டும். உண்மையில் அது ஒரு வரிகூடப் பின்தங்கியிருக்காது. இதைக் கண்டு பதறி, நன்றாக இருக்கும் பிரதியை அழித்து மறுபடி கட்ட முனைபவர்கள் உண்டு. முதன்மையில் நொடிக்கு ஒருமுறை நேரத்தை எழுதும் ஒரு சின்ன அட்டவணையை வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. நாடித்துடிப்பு போல அது எப்போதும் பிரதிக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

பின்தங்கிய பிரதியாவது கண்ணுக்குத் தெரியும். பின்தங்காமலே பிசகிய பிரதி அதைவிட ஆபத்தானது. 2018 ஆகஸ்டில் லினக்ஸ் கணினிகளின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28ஆம் பதிப்பு வந்தது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகளை அதில் பெரிய அளவில் மாற்றியிருந்தார்கள். முதன்மை பழைய லினக்ஸிலும் பிரதி புதிய லினக்ஸிலும் ஓடுகின்றன என்று வையுங்கள். உறுப்பினர் பெயர்களின் அகரவரிசை இண்டெக்ஸ், பழைய விதிப்படி அடுக்கப்பட்டு, பைட் பிசகாமல் பிரதிக்கு வந்துவிடும். பிரதியோ புதிய விதிப்படி அதில் தேடும். ஒரு பெயரைக் கேட்டால் இடப்பக்கம் போக வேண்டியது வலப்பக்கம் போகும், ‘அப்படி யாரும் இல்லை’ என்று சொல்லும். அந்த உறுப்பினரின் வரிசை அட்டவணையில் பத்திரமாக இருக்கும். லாக் எண்கள் நான்கும் ஒத்துப்போகும், எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியாது. அவ்வப்போது இரு பக்கமும் அட்டவணைகளை முழுதாகப் படித்து, கூட்டுத்தொகையையும் தேடல் விடைகளையும் ஒப்பிடுகிறவர் மட்டுமே இதைக் கண்டுபிடிப்பார்.

இனி ஸ்நாப்ஷாட். ரெப்ளிகேஷன் ஓடிக்கொண்டே இருப்பது, ஸ்நாப்ஷாட் ஒரு கணத்தை நிறுத்திப் பிடிப்பது. எடுக்கும் கணத்தில் பெரும்பாலும் எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. ‘இந்த நொடியிலிருந்து எந்தப் பகுதியை மாற்றினாலும் பழையதைத் தனியே எடுத்து வை’ என்று ஒரு கோடு மட்டும் கிழிக்கப்படும். அதனால்தான் நூற்றுக்கணக்கான ஜிபி உள்ள வட்டுக்கும் கண்சிமிட்டும் நேரத்தில் ஸ்நாப்ஷாட் எடுக்க முடிகிறது. அதே காரணத்தால், மூல வட்டு செத்தால் அதே வட்டில் இருக்கும் ஸ்நாப்ஷாட்டும் செத்துவிடும்.

ஒரே வட்டு என்றால் இது எளிது. தரவு ஒரு வட்டிலும் லாக் இன்னொரு வட்டிலும் இருந்து, இரண்டையும் சில நொடி இடைவெளியில் எடுத்தால் கிடைப்பது எந்தக் கணத்தின் படமும் ஆகாது. பல கணினிகளில் பரந்து கிடக்கும் அமைப்பில், எல்லாரையும் நிறுத்தாமல், பொதுவான கடிகாரமும் இல்லாமல், எப்படி ஒரு முரணற்ற படம் எடுப்பது? இதற்கு விடை கண்ட இருவரில் ஒருவர் 1965இல் சென்னை ஐஐடியில் பட்டம் பெற்ற கே. மணி சாண்டி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக இருந்தபோது, மற்றவரான லெஸ்லி லாம்போர்ட் அவரைப் பார்க்கப் போயிருந்தார். இரவு விருந்தில் சாண்டி இந்தப் புதிரைப் போட்டார். மறுநாள் காலை குளிக்கும்போது தனக்கு விடை தோன்றியதாகவும், சாண்டியின் அறைக்குப் போனால் அவரும் அதே விடையோடு காத்திருந்ததாகவும் லாம்போர்ட் எழுதியிருக்கிறார். அவர்களுடைய கட்டுரை 1985இல் வெளிவந்தது.

அந்த விடையை மலைப்பாதையில் வைத்துப் பார்க்கலாம். கோத்தகிரி குடோனிலிருந்து குன்னூர் கிடங்குக்கு லாரியில் தூள் மூட்டைகள் போகின்றன. இரண்டு இடத்திலும் சேர்த்து மொத்தம் எத்தனை மூட்டை என்று எண்ண வேண்டும். கோத்தகிரியில் 10 மணிக்கு எண்ணுகிறார்கள். 10.05க்கு 40 மூட்டையோடு லாரி கிளம்புகிறது. அது போய்ச் சேர்ந்த பிறகு குன்னூரில் எண்ணினால் அந்த 40 மூட்டை இரண்டு முறை கணக்கில் ஏறும். லாரி கிளம்பிய பிறகு கோத்தகிரியிலும், அது வந்து சேருமுன் குன்னூரிலும் எண்ணினால் 40 மூட்டை காணாமல் போகும். சாண்டியும் லாம்போர்ட்டும் சொன்னது இது: கோத்தகிரி தன் இருப்பை எண்ணியதும், வேறு எந்த லாரியையும் அனுப்பும் முன், குன்னூருக்கு ஒரு அடையாளச் சீட்டை அனுப்ப வேண்டும். சீட்டு கைக்கு வந்ததும் குன்னூர் தன் இருப்பை எண்ணி, பதிலுக்குத் தானும் ஒரு சீட்டை அனுப்ப வேண்டும். கோத்தகிரி தான் எண்ணிய பிறகு, குன்னூரின் சீட்டு வரும் முன், குன்னூரிலிருந்து ஏதாவது சரக்கு வந்தால் அதை ‘வழியில் இருந்தவை’ என்று தனியே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே நிபந்தனை, வழியில் எந்த வண்டியும் முன்னால் போகும் வண்டியை முந்தக் கூடாது. முடிவில் மூட்டைகள் சரியாக ஒரு முறை கணக்கில் வரும். வேலை எதுவும் நிற்காது, யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவும் வேண்டாம். இன்றும் ஃபிளிங்க் போன்ற தரவோடை மென்பொருள்கள் இந்த முறையை ஒட்டித்தான் தங்கள் நிலையைச் சேமிக்கின்றன.

இவ்வளவு நல்ல கருவிகள் கையில் இருந்தும் ஒரு நிறுவனம் எப்படித் தரவை இழக்கும்? 2017 ஜனவரி 31 இரவு கிட்லேபில் நடந்ததை முழுதாகச் சொல்லியாக வேண்டும்.

உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் தளம் அது. முதன்மையாக ஒரு போஸ்ட்கிரெஸ், அதற்கு ஒரு பிரதி. அன்று மாலை சர்வர் சுமை திடீரென ஏறியது. பிரதி பின்தங்கியது. பிரதிக்கு வேண்டிய லாக் பகுதிகளை, அது வாங்கிக்கொள்ளும் முன்பே முதன்மை அழித்துவிட்டது. இனி அந்தப் பிரதி எட்டிப்பிடிக்கவே முடியாது, புதிதாகக் கட்ட வேண்டும். பொறியாளர் ஒருவர் பிரதியின் தரவுக் கோப்புறையைக் காலிசெய்து நகலெடுக்கும் கட்டளையைக் கொடுத்தார். கட்டளை எதுவும் சொல்லாமல் அப்படியே நின்றது. முதன்மை அனுப்பத் தொடங்குவதற்காக அது காத்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த விவரத்தைத் திரையில் காட்டவில்லை. கோப்புறையில் ஏதோ மிச்சம் இருப்பதுதான் தடை என்று எண்ணி அவர் மறுபடி அழித்தார். இந்தமுறை அவர் கட்டளை கொடுத்த திரை முதன்மைத் தளத்தினுடையது. ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது, 4.5 ஜிபி மிஞ்சியது.

சரி, பேக்கப்புகளைப் பார்ப்போம் என்று திரும்பினார்கள். தினமும் எடுத்து அமேசான் எஸ்3 சேமிப்பகத்துக்கு அனுப்பும் நகல்கள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நகலெடுக்கும் நிரல் 9.2ஆம் பதிப்பு, தரவுத்தளம் 9.6. அதனால் ஒவ்வொரு முறையும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அனுப்புநரைச் சரிபார்க்கும் விதியில் தட்டுப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. மேகச் சேவையின் வட்டு ஸ்நாப்ஷாட் தரவுத்தள சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. பிரதியோ சற்றுமுன்தான் காலிசெய்யப்பட்டது. கடைசியில் காப்பாற்றியது ஒரு தற்செயல். வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த ஒரு ஸ்நாப்ஷாட் சோதனை சர்வரில் கிடந்தது. அந்த சர்வரின் வட்டுகள் மிக மெதுவானவை, நகலெடுக்கவே ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் உருவான சுமார் 5,000 திட்டங்களும், அதே அளவு கருத்துகளும், 700 பயனர் கணக்குகளும் திரும்பவில்லை.

மீட்புப் பணியைக் கிட்லேப் யூடியூபில் நேரலையாகக் காட்டியது, நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். நம் ஊர் நிறுவனங்களும் இப்படி எழுதினால் அடுத்தவர் தப்பிப்பார். அழித்த கை மட்டும் இதற்குக் காரணமில்லை. லாக்கை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்று முன்பே முடிவு செய்யாதது ஒரு காரணம், பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்க்காதது அதைவிடப் பெரிய காரணம். பிரதி நல்ல நிலையில் இருந்திருந்தாலும், தவறான ‘அழி’ கட்டளை தரவுத்தளத்துக்குள்ளேயே கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் பிரதி பணிவோடு நிறைவேற்றியிருக்கும். வன்பொருள் கெட்டால் பிரதி காப்பாற்றும். மனிதர் தவறு செய்தால் நேற்றைய ஸ்நாப்ஷாட் மட்டுமே காப்பாற்றும்.

மலைக்குத் திரும்புவோம். 2019 ஆகஸ்ட் 8 அன்று ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மண் சரிந்தால் சாலையோடு சாலையோரக் கேபிளும் போகும். குன்னூரில் இருக்கும் தரவுக்கு ஊட்டியில் பிரதி வைப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. இரண்டு ஊரும் இருபது கிலோமீட்டருக்குள், இரண்டிலும் ஒரே மழை. பிரதி கோவையில் இருக்கட்டும், ஸ்நாப்ஷாட் சென்னையிலோ அதற்கு அப்பாலோ இருக்கட்டும். இணைப்பு மூன்று நாள் அறுந்தால் என்ன ஆகும் என்பதை மழைக்கு முன்பே கணக்கிடுங்கள். மணிக்கு 2 ஜிபி லாக் சேருகிறது என்றால் 72 மணி நேரத்துக்கு 144 ஜிபி இடம் வேண்டும். அந்த இடம் இல்லாமல் லாக்கைப் பிடித்து வைத்தால் வட்டு நிரம்பி முதன்மையே நிற்கும். பிடித்து வைக்காவிட்டால் கிட்லேபின் பிரதிக்கு நேர்ந்ததுதான்.

இணைப்பு அறுந்ததும் பிரதி தானாக முதன்மையாகிவிடும்படி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குன்னூர் உயிரோடு இருக்கிறது, ஆனால் கோவைக்கு அது தெரியவில்லை. இரண்டும் தாமே முதன்மை என்று விலைகளை வாங்கத் தொடங்கினால் லாட் 214 இரண்டு பேருக்கு விற்றுவிடும். 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தின் மையங்களுக்கு இடையே இணைப்பு 43 நொடிதான் போனது. அமெரிக்காவின் இரு கரைகளிலும் வெவ்வேறு பதிவுகள் விழுந்துவிட்டன, சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. முதன்மையை மாற்றும் முடிவுக்கு மூன்றாவது ஊரில் ஒரு சாட்சிக் கணினி வேண்டும். மூன்றில் இரண்டு ஒப்புக்கொண்டால்தான் மாற்றம். அந்த மூன்றும் ஒரே கேபிளில் தொங்கக் கூடாது.

கூட்டுறவுச் சங்கமோ, மருத்துவமனையோ, பள்ளியோ, ஏதாவது ஒரு தரவுத்தளத்துக்கு நீங்கள் பொறுப்பாக இருந்தால் ஒரு வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் கடைசி பேக்கப்பை எடுத்து, அலுவலகத்தின் இணைப்பே இல்லாத இன்னொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். கடைசிப் பதிவின் தேதியைப் பாருங்கள், வரிசைகளை எண்ணுங்கள், நன்றாகத் தெரிந்த நான்கு பெயர்களைத் தேடிப் பாருங்கள். மீட்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதைத் தேதியோடு எழுதி சர்வர் அறைக் கதவில் ஒட்டி வையுங்கள். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிவிடும்.